வாட் கணக்கில் மைக்ரோவேவ் தாங்கும் மெம்ஸ் சுவிட்ச் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் செய்த மெம்ஸ் சுவிட்ச் (சில்லின் மேல் மைக்ரான் அளவில் செய்த, நிஜமாகவே அசையும் சுவிட்ச்) 2 வாட்டில் அழகாக வேலை செய்தது. சரி, தைரியம் வந்துவிட்டது என்று 8 வாட் ஏற்றி, கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை எடுத்தேன். திறக்கவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், தொடுமுனையில் இரண்டு தங்கப் பரப்புகளும் உருகி ஒன்றோடொன்று கலந்து, வெல்டிங் வைத்த கம்பி மாதிரி நின்றன. சுவிட்சில் வளைந்து போய்த் தொடும் மெல்லிய தங்கப் பட்டைக்கு நாக்கு என்று பெயர்; அது எப்படி வளைய வேண்டும் என்று நான்கு மாதம் கணக்குப் போட்டிருந்தேன். அது தொடும் புள்ளிக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றியிருக்கிறேன். பாடங்களில் முதலில் நாக்கின் படம் வரும், கடைசி அத்தியாயத்தில் போனால் போகிறது என்று பவர் பற்றி இரண்டு பத்தி வரும். இங்கே பவர்தான் முதலில். ஏற்கெனவே மைக்ரோவேவ் அடிப்படையும் சில்லு செய்யும் ஃபேப் அறைக்குள் போன அனுபவமும் கொஞ்சம் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு வரி முன்கதை. சிலிக்கான் மேல் அசையும் சவ்வை வைத்துச் சுவிட்ச் செய்யலாம் என்று ஐபிஎம்-மின் கர்ட் பீட்டர்சன் 1979-லேயே காட்டிவிட்டார். மைக்ரோவேவுக்கு அது வந்தது 1990-களில்தான்: ஹ்யூஸ், ராக்வெல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆய்வகங்களில். எல்லோரையும் இழுத்தது ஒரே ஆசை. குறைக்கடத்திச் சுவிட்சான பின் டையோடு போல நொடிக்கு நொடி மின்னோட்டம் குடிக்காமல், பழைய கோஆக்சியல் ரிலே போலத் தீப்பெட்டி அளவுக்குப் பெரிதாக இல்லாமல், இழப்பு மிகக் குறைவாக, சிக்னலைத் திரிக்காமல் ஒரு சுவிட்ச். அந்த ஆசை பலித்தது. நம்பகத்தன்மையும் பவரும்தான் இருபது வருடம் இழுத்தடித்தன.

படி 1: வாட்டை வோல்ட்டாகவும் ஆம்பியராகவும் மாற்றுங்கள்

"எனக்கு 25 வாட் தாங்கும் சுவிட்ச் வேண்டும்" என்பது சுவிட்சுக்குப் புரியாத வாக்கியம். அதற்குத் தெரிந்தது இரண்டுதான்: மூடியிருக்கும்போது தன் வழியே எவ்வளவு மின்னோட்டம் போகிறது, திறந்திருக்கும்போது தன் இரு கரைகளுக்கு நடுவே எவ்வளவு மின்னழுத்தம் நிற்கிறது.

50 ஓம் லைனில் 25 வாட் என்றால் ஆர்எம்எஸ் (ஆடும் அலையின் பயனுறு மதிப்பு) மின்னோட்டம் 0.7 ஆம்பியர், மின்னழுத்தம் 35 வோல்ட். மூடியிருக்கும்போது அந்த 0.7 ஆம்பியர்தான் கவலை. திறந்தால் கதை மாறுகிறது. லைனில் தொடராக வைத்த சுவிட்ச் திறந்ததும், வந்த அலை முழுக்க எதிரொலித்துத் திரும்பும், திறந்த முனையில் மின்னழுத்தம் இரட்டிப்பாகும். 35 என்பது 71 வோல்ட் ஆர்எம்எஸ் ஆகிவிடும், உச்சம் 100 வோல்ட். வெறும் ஒரு மைக்ரான் இடைவெளியில் 100 வோல்ட்! மீட்டருக்கு 10 கோடி வோல்ட் புலம். உலோகப் பரப்பில் உள்ள சிறு சிறு கூர்மைகளிலிருந்து எலக்ட்ரான் கசிய ஆரம்பிக்கும் எல்லை இது.

இதோடு நிற்காதீர்கள். ஆன்டெனா கேபிள் கழன்றுவிட்டால் மூடிய சுவிட்சின் நிலை என்ன? நிற்கும் அலையின் மின்னோட்ட உச்சி சரியாகச் சுவிட்ச் மேல் விழுந்தால் 0.7 என்பது 1.4 ஆம்பியர், வெப்பம் நான்கு மடங்கு. வாடிக்கையாளரோ வழிகாட்டிப் பேராசிரியரோ "லோடு எப்போதும் மேட்ச் ஆகித்தான் இருக்கும்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, நான்கு மடங்குக்கே டிசைன் செய்யுங்கள்.

இன்னொரு கேள்வியையும் இந்தப் படியிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டுமா, பவரை நிறுத்தி, மாற்றி, மறுபடி கொடுக்கலாமா? ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு மின்விசிறி சுவிட்சைத் தட்டிப் பாருங்கள், உள்ளே நீலமாக ஒரு பொறி தெரியும். பல வருடத்தில் அந்தப் பொறி பித்தளை முனையைக் கருக்கிவிடும். மெம்ஸ் சுவிட்சில் முனை மைக்ரான் அளவுதான், அதனால் பல வருடம் என்பது சில நிமிடமாகச் சுருங்கும். சூடான மாற்றம், குளிர்ந்த மாற்றம் என்று நாங்கள் பிரித்துச் சொல்வது இதைத்தான். ஒரே சுவிட்சுக்கு இந்த இரண்டிலும் ஆயுள் பல பத்து மடங்கு வித்தியாசப்படும். குளிர்ந்த மாற்றம் போதும் என்று பதில் வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

படி 2: உலோகம் தொடுவதா, கொள்ளளவா?

இரண்டு குடும்பம் உண்டு. உலோகத்தை உலோகம் நேரடியாகத் தொடுவது ஒன்று. மெல்லிய மின்காப்பு அடுக்கின் மேல் சவ்வு வந்து படுத்து, கொள்ளளவு மாறி, அதனால் சிக்னல் தடைபடுவது இன்னொன்று. இரண்டாவது வகைதான் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் சக் கோல்ட்ஸ்மித் குழு வளர்த்தது. தொடுமுனை உருகும் பிரச்சினை அதில் இல்லை. ஆனால் பவர் ஏறினால் வேறு இரண்டு தலைவலி வரும். ஆர்எஃப், அதாவது மைக்ரோவேவ், சிக்னலே சவ்வைக் கீழே இழுத்துவிடும். இழுக்காவிட்டாலும், ஏற்கெனவே கீழே இருக்கும் சவ்வை மேலே எழ விடாமல் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் இடைவெளி 0.2 மைக்ரானாகச் சுருங்கிய பிறகு பிடித்து வைக்கக் கொஞ்சம் வோல்ட்டே போதும். போதாக்குறைக்கு மின்காப்பில் மின்னூட்டம் தேங்கும்.

என் கருத்து: 15-20 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் உலோகத் தொடுகை, அதற்கு மேலே, அதிலும் மாற்றுவது அபூர்வம் என்றால், கொள்ளளவு வகையை யோசிக்கலாம். இனி வருவதெல்லாம் முதல் வகைக்கு, அதுவும் ஒரு முனை மட்டும் ஊன்றிய தங்க நாக்குக்கு.

இரு முனையும் ஊன்றிய பாலம் ஏன் வேண்டாம் என்றால், சூடு. தங்கம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 14 பங்கு விரியும், சிலிக்கான் 2.6 பங்குதான். 100 டிகிரி ஏறினால் இரு பக்கமும் கட்டிப்போட்ட தங்கத்தில் கிட்டத்தட்ட 90 மெகாபாஸ்கல் அழுத்தம் சேரும், பாலம் வளைந்து எழும்பும் அல்லது தானாகக் கீழே விழும். வெயிலில் தண்டவாளம் நெளியும் அதே கதை. ஒரு முனை சுதந்திரமாக இருக்கும் நாக்கு நீண்டுவிட்டு, வேலையைப் பார்க்கும்.

படி 3: நாக்கின் கணக்கு

நாக்கின் கெட்டித்தன்மை அதன் தடிமனின் மும்மடிக்கு நேராக, நீளத்தின் மும்மடிக்கு எதிராகப் போகும். 150 மைக்ரான் நீளம், 100 மைக்ரான் அகலம், 7 மைக்ரான் தடிமன் தங்கம் என்று வைத்தால் மீட்டருக்குச் சுமார் 200 நியூட்டன் வரும். சாதாரண மெம்ஸ் சுவிட்ச் கட்டுரைகளில் 10, 20 என்று பார்த்திருப்பீர்கள். பவர் சுவிட்சுக்கு அது போதாது. காரணம் கீழே.

நாக்குக்குக் கீழே 100-க்கு 100 மைக்ரான் இழுக்கும் தட்டு, 2 மைக்ரான் இடைவெளி. மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு வரை நாக்கு நிதானமாக இறங்கும், அதற்குப் பிறகு சடாரென்று விழும். இந்தப் புல்-இன் மின்னழுத்தம் இணைத்தட்டுச் சூத்திரத்தில் 73 வோல்ட் வருகிறது. தொடுமுனையில் ஒரு சின்ன மொட்டு வைத்து, நாக்கு 1 மைக்ரான் இறங்கியதுமே முனை தொட்டுவிடும்படி செய்யுங்கள். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.67 மைக்ரான், தாண்டிய பிறகே தொடுவதால் விழும் வேகம் கிடைக்கும். அதே சமயம் நாக்கு இழுக்கும் தட்டில் படாமல் 1 மைக்ரான் காற்று மிஞ்சும், மின்காப்பே தேவைப்படாது.

இப்போது 90 வோல்ட் கொடுத்தால் இழுவிசை சுமார் 360 மைக்ரோநியூட்டன். நாக்கு மேலே திரும்பத் துடிக்கும் விசை 200 மைக்ரோநியூட்டன். மீதி 160 தொடுமுனையை அழுத்துகிறது.

இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அழுத்தும் விசை குறைந்தால் தடை ஏறும், சூடேறும். திரும்பும் விசை குறைந்தால் ஒட்டிக்கொண்டு திறக்காது. இரண்டையும் கூட்டினால் மின்னழுத்தம் எகிறும். எல்லா மெம்ஸ் சுவிட்சும் இந்த மூன்று பேருக்கு நடுவே நடக்கும் பாகப்பிரிவினைதான். தங்கம்-தங்கம் ஒட்டும் விசை சூடேறியபின் நூறு மைக்ரோநியூட்டனைத் தொடக்கூடும் என்பதால், பவர் சுவிட்சில் திரும்பும் விசைக்குத்தான் தாராளமாகப் பங்கு கொடுக்க வேண்டும். என் வெல்டிங் சுவிட்சில் அது வெறும் 30.

மாறும் நேரமும் இதிலேயே வந்துவிடுகிறது. இந்த நாக்கின் இயல்பு அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸ் சுற்று, 90 வோல்ட்டில் மூட 5 மைக்ரோநொடி போல ஆகும். தொட்டதும் பந்து மாதிரி இரண்டு மூன்று தடவை துள்ளும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: சிக்னலே சுவிட்சை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

மின்நிலை விசைக்கு மின்னழுத்தத்தின் குறி தெரியாது, இருமடிதான் தெரியும். ஆகவே 10 ஜிகாஹெர்ட்ஸில் ஆடும் 71 வோல்ட் ஆர்எம்எஸ், நாக்கைப் பொறுத்தவரை 71 வோல்ட் நேர்மின்னழுத்தம்தான். நம் புல்-இன் 73. பார்த்தீர்களா, திறந்திருக்கும் சுவிட்ச் 25 வாட்டில் தானாக மூடிக்கொள்ளும் விளிம்பில் நிற்கிறது!

தப்பிக்க இரண்டு வழி. முதலாவது, இழுக்கும் தட்டை ஆர்எஃப் தரையோடு சேர்த்துவிடாதீர்கள். பல பத்தாயிரம் ஓம் உள்ள மெல்லிய சிலிக்கான்-குரோமியம் தடைக்கோடு வழியாக மட்டும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைக் கொண்டு வாருங்கள். அப்போது ஆர்எஃப் பார்வையில் தட்டு மிதக்கும், நாக்கோடு சேர்ந்தே ஆடும், நடுவே நிற்கும் ஆர்எஃப் மின்னழுத்தம் குறையும். தட்டுக்கும் தரைக்கும் இடையே ஒட்டுண்ணிக் கொள்ளளவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இரண்டாவது, நாக்கின் முனைக்கு நேர் கீழே உள்ள வெளிச்செல்லும் லைனைக் குறுக்குங்கள். அங்கேதான் முழு மின்னழுத்தமும் நிற்கிறது, அதைத் தவிர்க்க முடியாது. 20-க்கு 20 மைக்ரான் மட்டும் நாக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தால், 71 வோல்ட்டில் இழுவிசை 9 மைக்ரோநியூட்டன், நாக்கு 0.04 மைக்ரான் அசையும், அவ்வளவுதான். போனஸாகத் திறந்த நிலைக் கொள்ளளவும் 3.5 ஃபெம்டோஃபாரடில் அடங்கி, 10 ஜிகாஹெர்ட்ஸில் 33 டெசிபெல் பிரிப்பு (திறந்த சுவிட்சைத் தாண்டிக் கசியாமல் சிக்னல் தடுக்கப்படும் அளவு) கிடைக்கும்.

சிமுலேஷனில் இதைத் தவறவிடுவது மிகச் சுலபம். கோம்சாலில் நாக்கு ஒரு கோப்பு, எச்எஃப்எஸ்எஸ்-ஸில் லைன் இன்னொரு கோப்பு, இரண்டையும் இரண்டு பேர் செய்வார்கள், ஒருவர் ஆர்எஃப் மின்னழுத்தத்தை எடுத்து மற்றவரிடம் கொடுக்கவே மாட்டார். கொடுங்கள்.

படி 5: தொடுமுனை. பாதி நேரத்தை இங்கே செலவழியுங்கள்

20 மைக்ரான் பட்டையை 20 மைக்ரான் பட்டை தொடுகிறது என்று படத்தில் வரைகிறோம். நிஜத்தில் மேடு மேட்டைத்தான் தொடும். விசையைக் கடினத்தன்மையால் வகுத்தால் உண்மையான தொடுபரப்பு கிடைக்கும்: 160 மைக்ரோநியூட்டன், தங்கத்துக்கு 1.5 கிகாபாஸ்கல் என்று எடுத்தால், ஆரம் 0.2 மைக்ரான்கூட வராத ஒரு புள்ளி. 0.7 ஆம்பியரும் அந்தப் புள்ளி வழியாகத்தான் போக வேண்டும். திருவிழாக் கூட்டம் ஒற்றைக் கதவு வழியாக வெளியேறுகிற மாதிரி.

சுத்தமான தங்கத்துக்கு இந்தப் புள்ளியின் தடை கணக்குப்படி 0.07 ஓம். லேபில் அளந்தால் அரை ஓம், ஒரு ஓம் என்று வரும், ஏனென்றால் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கரிமப் படலம் இருக்கிறது. இந்த இடத்தில்தான் ஒரு பழைய, அருமையான உறவு கை கொடுக்கும். தொடுபுள்ளியின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது அதன் குறுக்கே விழும் மின்னழுத்தம் மட்டுமே. தங்கத்துக்கு 0.08 வோல்ட்டில் மென்மையாகத் தொடங்கும், 0.43 வோல்ட்டில் உருகும். ஒரு ஓம், 0.7 ஆம்பியர்: 0.7 வோல்ட். உருகுநிலையைத் தாண்டியாயிற்று. 0.1 ஓம் என்றால் 0.07 வோல்ட், தப்பித்தோம். ஒரு ஓம் சுவிட்சின் இழப்பு வெறும் 0.09 டெசிபெல்தான், நெட்வொர்க் அனலைசரில் பார்த்தால் "அடடா, பிரமாதம்" என்று தோன்றும். அந்தப் பிரமாதம்தான் என் முதல் சுவிட்சைக் கொன்றது.

சூடு எங்கே போகும் என்பதையும் பாருங்கள். ஒரு ஓமில் 0.7 ஆம்பியர் அரை வாட் சூடு. பாதி நாக்கு வழியாக ஊன்றிய முனைக்குப் போக வேண்டும். 150 மைக்ரான் நீளத் தங்க நாக்கின் வெப்பத்தடை வாட்டுக்கு 670 டிகிரிக்கு மேல், ஆக கால் வாட்டுக்கே 170 டிகிரி ஏறும். அந்தச் சூட்டில் தங்கம் மெல்லத் தொய்ய ஆரம்பிக்கும், நாக்கின் வடிவமே மாறும், நாளடைவில் புல்-இன் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே வரும்.

ஆகவே மின்னோட்டத்தைப் பிரிக்க வேண்டும். ஒரே நாக்கில் நான்கு மொட்டு வைக்கலாம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். அழுத்தும் விசையும் நான்காகப் பிரிந்துவிடும், மொட்டுகளின் உயரம் ஒரு 20 நானோமீட்டர் மாறினாலே இரண்டுதான் தொடும். தனித்தனி நாக்குகள் நான்கை இணையாக வைப்பது மேல். தடை கால் பங்காகும், ஒவ்வொரு முனையிலும் மின்னோட்டம் கால் பங்கு. விலை என்ன? திறந்த கொள்ளளவு நான்கு மடங்காகி 33 டெசிபெல் பிரிப்பு 21-க்கு இறங்கும். அப்புறம் சூடான மாற்றத்தில் முதலில் மூடும் நாக்கும் கடைசியில் திறக்கும் நாக்கும் முழு மின்னோட்டத்தையும் தனியாகச் சுமக்கும், கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் மாதிரி. இணையாக வைப்பது குளிர்ந்த மாற்றத்துக்குத்தான் நியாயமான வைத்தியம்.

பொருள் தேர்வு. தங்கத்தை விட்டால் ருத்தீனியம், ரோடியம், பிளாட்டினம் எல்லாம் கடினமானவை. ருத்தீனியம் உருகுவது 2,300 டிகிரிக்கு மேல், ஒட்டுவது மிகக் குறைவு. பதிலுக்கு மின்தடை தங்கத்தைப் போல மூன்று மடங்கு, அதே தொடுபரப்பைப் பெற அதிக விசையும் வேண்டும். இன்னொரு சில்லறைத் தொந்தரவும் உண்டு: பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் காற்றில் உள்ள கரிம ஆவியைப் பிடித்து, தட்டத் தட்டக் கருப்பான ஒரு பசையாக மாற்றிவிடும், தடை ஏறிக்கொண்டே போகும். ருத்தீனியத்தின் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதற்கு மட்டும் கொஞ்சம் சலுகை. நான் இப்போது செய்வது: கீழே ருத்தீனியம், மேலே தங்கம். ஒரே உலோகம் இரு பக்கமும் இருந்தால் வரும் ஒட்டல் இதில் குறைகிறது, ஒரு பக்கம் மென்மையாக இருப்பதால் தடையும் கட்டுக்குள் நிற்கிறது. முதல் பேட்ச் மட்டும் தங்கம்-தங்கம் செய்யுங்கள், நாக்கு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள.

படி 6: அடித்தளம்

குவார்ட்ஸில் ஆர்எஃப் இழப்பு மிகக் குறைவு, ஆனால் வெப்பம் கடத்துவது சிலிக்கானில் நூறில் ஒரு பங்குதான். பவருக்கு உயர்தடை சிலிக்கானே சரி, 1,000 ஓம்-சென்டிமீட்டருக்கு மேல். அதன் மேல் ஆக்சைடு வளர்த்ததும், ஆக்சைடில் உள்ள நிலை மின்னூட்டம் சிலிக்கான் பரப்புக்கு எலக்ட்ரான்களை இழுத்து, மெல்லிய கடத்தும் தோல் ஒன்றை உண்டாக்கிவிடும், உயர்தடைக்குக் கொடுத்த காசு வீண். ஆக்சைடுக்குக் கீழே ஒரு பாலிசிலிக்கான் அடுக்குப் போட்டால் அந்த எலக்ட்ரான்கள் அதில் மாட்டிக்கொள்ளும்.

லைன் உலோகத்தின் தடிமனுக்கு மேல்தோல் ஆழத்தை (மைக்ரோவேவ் மின்னோட்டம் உலோகத்துக்குள் இறங்கும் ஆழம்) பாருங்கள்: தங்கத்தில் 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு 0.8 மைக்ரான், 2 ஜிகாஹெர்ட்ஸுக்கு 1.8. மூன்று மடங்காவது வையுங்கள், நாக்குக்குக் கீழே மட்டும் மெல்லியதாக விட்டுவிட்டு.

படி 7: ஃபேப்

சொந்தமாகச் சுத்த அறை இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். பெங்களூரு ஐஐஎஸ்சி, மும்பை ஐஐடி போன்ற இடங்களில் வெளி ஆராய்ச்சியாளர்களும் வந்து செய்யும்படி ஐனப் என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. நல்ல திட்ட முன்வரைவும் பொறுமையும் வேண்டும்.

வரிசை இதுதான். முதலில் தடைக்கோடு. பிறகு டைட்டானியமோ குரோமியமோ ஒட்டுக்காகப் போட்டு, மேலே தங்கம். தொடும் இடத்தில் மட்டும் ருத்தீனியம். பிறகு லைனைத் தடிமனாக்கும் மின்முலாம். அடுத்து, கடைசியில் கரைத்து எடுக்கப்போகும் சேக்ரிஃபிஷியல் அடுக்கு, 2 மைக்ரான் ரெசிஸ்ட் (ஒளியால் வடிவம் கொடுக்கும் பிசின்). இதில் இரண்டு தடவை லித்தோகிராஃபி: ஊன்றும் இடத்தில் அடி வரை துளை, தொடுமொட்டுக்கு 1 மைக்ரான் ஆழக் குழி. இந்தக் குழியின் ஆழம்தான் உங்கள் தொடு இடைவெளியையும் விசையையும் தீர்மானிக்கிறது என்பதால், வேஃபர் (சில்லுகள் செய்யும் சிலிக்கான் வட்டு) முழுக்க ஐந்து இடத்திலாவது அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் விதை அடுக்கு (மின்முலாம் பிடிக்கத் தேவையான மெல்லிய உலோகம்), அச்சு ரெசிஸ்ட், 7 மைக்ரான் தங்க மின்முலாம்.

விதை அடுக்கைத் தூவும்போது வேஃபர் சூடானால் அடியில் உள்ள ரெசிஸ்ட் சுருங்கி, பரப்பு முழுக்கக் கிழவியின் கன்னம் மாதிரி சுருக்கம் விழும். ஒரே மூச்சில் தூவாமல், ஒரு நிமிடம் தூவி, மூன்று நிமிடம் ஆறவிட்டு, மறுபடி தூவுங்கள். இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை, நான்கு வேஃபர் வீணான பிறகு கற்றுக்கொண்டேன்.

மின்முலாமில் எதிரி, தகைவு (உலோகத்துக்குள்ளேயே தங்கும் இழுப்பு) மேலிருந்து கீழே மாறுவது. நாக்கின் அடிப்பக்கமும் மேல்பக்கமும் வேறு வேறு அளவில் இழுத்தால், கரைத்து எடுத்ததும் நாக்கு வெயிலில் காய்ந்த அப்பளம் போல மேலே சுருளும். மையத்திலிருந்து 10 மெகாபாஸ்கல் கூட, குறைய இருந்தாலே 150 மைக்ரான் நீளத்தில் முனை கால் மைக்ரான் எழும். நம் தொடு இடைவெளி ஒரே ஒரு மைக்ரான் என்பதை நினைவில் வையுங்கள். தடிமனான நாக்கு இந்த விஷயத்திலும் உதவும், 2 மைக்ரான் நாக்கில் இதே தகைவு கிட்டத்தட்ட ஒரு மைக்ரான் தூக்கிவிடும். மின்னோட்ட அடர்த்தியைக் குறைத்து, குளியலின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி, ஒவ்வொரு வேஃபரிலும் ஓரத்தில் 50 முதல் 400 மைக்ரான் வரை வெவ்வேறு நீளச் சோதனை நாக்குகளை வையுங்கள். கரைத்த அன்றே அவற்றின் வளைவைப் பார்த்தால் குளியல் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

விதை அடுக்கை அரிக்க அயோடின் கரைசலும், டைட்டானியத்துக்கு நீர்த்த ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் பயன்படும். அமிலம் இருக்கும் நாளில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு பக்கத்தில் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பார்த்துவிட்டுத்தான் கையுறை போட வேண்டும். தனியாகச் செய்யவே கூடாது.

கடைசியில் நாக்கை விடுவித்தல். திரவத்தில் கரைத்துவிட்டு அப்படியே காயவைத்தால், காயும் திரவத்தின் பரப்பு இழுவிசை நாக்கைக் கீழே ஒட்டவைத்துவிடும். கரியமில வாயுவில் மாறுநிலை உலர்த்தல் செய்யுங்கள்: 31 டிகிரி, 74 பார் தாண்டியதும் திரவம், வாயு என்ற பேதமே இல்லை, இழுக்கப் பரப்பும் இல்லை. ஆக்சிஜன் பிளாஸ்மாவிலும் விடுவிக்கலாம், ஆனால் பவரைக் குறைத்து, விட்டுவிட்டுச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சூட்டிலேயே நாக்கு வளைந்துவிடும். நான் திரவத்தில் விடுவித்துவிட்டு, தொடுமுனையில் மிஞ்சும் கரிமப் படலத்தை எடுக்கக் கடைசியில் ஐந்து நிமிடம் லேசான பிளாஸ்மா கொடுக்கிறேன். தடை பாதிக்குப் பாதி இறங்கும்.

படி 8: மூடி

விடுவித்த சுவிட்சைத் திறந்த டப்பாவில் வைத்துவிட்டு வார விடுமுறைக்குப் போனால், திங்கட்கிழமை வேறு சுவிட்ச் இருக்கும். ஐப்பசி மழையில் இன்னும் மோசம், ஈரப்பதம் ஒட்டலைக் கூட்டும். காய்ந்த நைட்ரஜனில் வைத்துக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். 80-க்கு 20 தங்கம்-வெள்ளீயக் கலவை 280 டிகிரியில் உருகி மூடும். பிசின் வைத்து மூடாதீர்கள், அதிலிருந்து கசியும் கரிம ஆவி நேராகத் தொடுமுனைக்குத்தான் போகும். மூடியால் லைன் மின்மறுப்பு மாறும், அதையும் சேர்த்துச் சிமுலேஷன் செய்திருக்க வேண்டும்.

படி 9: அளத்தல், பவர் ஏற்றுதல்

முதலில் பவரே வேண்டாம். வெள்ளொளி ப்ரொஃபைலரில் வளைவு, பிறகு புல்-இன் மின்னழுத்தம், பிறகு நான்கு கம்பி முறையில் தொடுதடை. கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை 75-இலிருந்து 95 வரை ஏற்றியபடி தடையைக் குறியுங்கள். வளைகோடு கீழே இறங்கித் தட்டையாக வேண்டும். தட்டையாகாமல் இறங்கிக்கொண்டே இருந்தால் விசை போதவில்லை. அதைப் பவர் மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். புல்-இன்னைவிட மிக அதிகமாகவும் ஏற்றாதீர்கள், நாக்கு இழுக்கும் தட்டிலேயே படுத்துவிட்டால் பொறி பறக்கும்.

பவர் மேசையில் வரிசை: சிக்னல் ஜெனரேட்டர், பெருக்கி, சர்க்குலேட்டர், திசைக் கப்ளர், சுவிட்ச், அட்டென்யுவேட்டர், பவர் மீட்டர். சர்க்குலேட்டரின் மூன்றாவது முனையில் முழுப் பவரும் தாங்கும் லோடு இருக்க வேண்டும், சுவிட்ச் திறந்ததும் 25 வாட்டும் திரும்பி வரப்போவது அங்கேதான். இணைப்பிகளைப் பவர் ஓடும்போது கழற்றாதீர்கள், திறந்த முனைக்கு நேரே கண்ணைக் கொண்டுபோகாதீர்கள்.

அரை வாட்டில் தொடங்கி 1 டெசிபெல் படிகளாக ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடம். பவரை நிறுத்தி, சுவிட்சைத் திறந்து, மூடி, தடையை அளந்து, மறுபடி. திறந்த நிலையிலும் அதே ஏற்றம் தனியாகச் செய்ய வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்: திரும்பும் பவர் ஒரு படியில் திடீரென்று குறைந்தால் சிக்னலே நாக்கை மூடிவிட்டது என்று அர்த்தம்.

சூட்டை அகச்சிவப்புக் கேமராவில் பார்க்காதீர்கள். பளபளக்கும் தங்கம் வெப்பக் கதிரை வெளியிடுவது மிக மிகக் குறைவு, கேமரா அறையின் பிரதிபலிப்பைக் காட்டிவிட்டு "35 டிகிரி" என்று சிரிக்கும். தங்கத்தின் தடை டிகிரிக்கு 0.34 சதவீதம் ஏறும். நாக்கின் தடையையே வெப்பமானியாகப் பயன்படுத்துங்கள்.

எதை எட்ட முடியும் என்று ஓர் அளவுகோல் வேண்டுமானால், கடையில் கிடைப்பவற்றைப் பாருங்கள். அனலாக் டிவைசஸின் ஏடிஜிஎம்1304 நேர்மின்னோட்டத்திலிருந்து 14 ஜிகாஹெர்ட்ஸ் வரை, குறைந்தது 100 கோடி தடவை. ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து 2016-ல் பிரிந்த மென்லோ மைக்ரோவின் எம்எம்5130, 25 வாட், 18 ஜிகாஹெர்ட்ஸ், 300 கோடி தடவை. நம் முதல் பேட்ச் பத்தாயிரம் தாண்டினாலே டீ வாங்கிக் கொடுக்கலாம்.

படி 10: ஆயுள் சோதனையும் பிரேதப் பரிசோதனையும்

குளிர்ந்த மாற்றத்தில், ஒவ்வொரு நூறு தடவைக்கும் ஒரு முறை தடையைப் பதிவு செய்யும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். இறந்த சுவிட்சை உடனே மூடி பிளந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தடை மெல்ல மெல்ல ஏறி இறந்ததா, ஒரே நொடியில் ஒட்டியதா என்பதை முதலில் பதிவேட்டில் பாருங்கள். மெல்ல ஏறியிருந்தால் பசை, மூடிக்குள் கரிம ஆவி. ஒட்டியிருந்தால், எல்லாக் கம்பியையும் கழற்றி, சுவிட்சை நைட்ரஜன் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். காலையில் அது தானாகவே திறந்திருந்தால், அடித்தள ஆக்சைடில் தேங்கிய மின்னூட்டம்தான் பிடித்து வைத்திருந்தது, இழுக்கும் தட்டைச் சுற்றியுள்ள ஆக்சைடை அகற்றிவிட்டு அடுத்த பேட்ச் போடலாம். காலையிலும் திறக்கவில்லை என்றால் அது வெல்டிங். படி 5-க்குத் திரும்புங்கள்.